திறக்கச் சொன்னவரும் மூடச் சொன்னவரும்

வீடுகளுக்கு ஈரம் தடுக்கும் வேலைக்கும் இன்சுலேஷன் வேலைக்கும் புதிதாக வந்திருக்கும் தம்பிகளுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். உற்சாகமூட்டும்படி இருக்கட்டும் என்று வேறு சொன்னார்கள். அதற்கு என்னிடம் வந்திருக்கக் கூடாது. நான் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. இன்னும் சில பேரை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. அப்படிப்பட்ட ஆளிடம் கேட்டுவிட்டீர்கள், இனி படித்துத்தான் ஆக வேண்டும்.

ஷீட்டை எவ்வளவு மடித்து ஒட்ட வேண்டும், எந்தப் பசை எந்தக் காங்கிரீட்டில் பிடிக்கும் என்பதெல்லாம் கம்பெனி கொடுக்கும் புத்தகத்திலேயே இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். வேலை தெரியாதவனுக்கு வரும் ஆபத்தைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். வேலை தெரிந்தவனுக்கு வரும் ஆபத்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

எனக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரைக் கிராமம். டிப்ளமோ முடித்துவிட்டு ஷார்ஜாவில் ஒரு இன்சுலேஷன் கம்பெனிக்கு சூப்பர்வைசராகப் போனேன். துபாயிலிருந்து அஜ்மான் வரை எங்கே பார்த்தாலும் கிரேன் நின்ற காலம் அது. எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். பெயர் வேண்டாம். என்னை மாதிரி எத்தனையோ பேருக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தவர். எல்லாரையும் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார்.

நான் சேர்ந்த புதிதில் ஷார்ஜாவில் ஒரு வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். கடலோர வீடுகளில் நிலத்தடி நீர் உப்பாக மேலேயே நிற்கும். அதனால் தரையைக் கொஞ்சம் தூக்கிக் கட்டி, அடியில் ஒரு ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடம் விடுவார்கள். குழாய் ரிப்பேருக்கும் அது வசதி. சைட்டில் அதற்கு கிரால் ஸ்பேஸ் என்று பெயர். காற்றுப் போக சுற்றுச் சுவரின் அடியில் சின்னச் சின்ன ஜன்னல் வைப்பார்கள், அதுதான் வென்ட். அந்த வீட்டில் தரைக்கு அடியில் ஒரே சொதசொதப்பு. நான் பார்த்தவுடன், வென்ட்டை எல்லாம் நன்றாகத் திறந்துவிட்டால் காய்ந்துவிடும் சார் என்றேன். நம் ஊரில் ஈர வேட்டியைக் காற்றில்தானே போடுகிறோம்.

மேனேஜர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. காரில் ஐஸ்பெட்டியிலிருந்து ஒரு கூல்டிரிங்க்ஸ் கேனை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆகஸ்ட் மாதத்து மத்தியானம். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கேன் முழுக்க முத்து முத்தாக வியர்த்து, தண்ணீர் என் முழங்கை வரை வழிந்தது.

“கேன் ஓட்டையா கண்ணு? இல்லயில்ல. இந்தத் தண்ணி எங்கிருந்து வந்துச்சு? காத்துல இருந்து. மேல ஏசி ஓடுது, தரையோட அடிப்பக்கம் இந்தக் கேன் மாதிரி சில்லுனு கெடக்குது. நீ வென்ட்டைத் தொறந்தா காய வைக்கல, தண்ணி எறைக்கிற. இங்க காத்துதான் கண்ணு தண்ணி.”

சொல்லிவிட்டு வெள்ளைச் சட்டையோடு உள்ளே தவழ்ந்து போனார். பின்னால் நானும் போனேன். மண்ணின் மேல் கனத்த பிளாஸ்டிக் ஷீட் விரித்து மண் ஈரத்தை அடக்கு, கோடையில் வென்ட்டை மூடு, அடியில் சின்னதாக ஒரு ஈரம் உறிஞ்சும் மெஷினை ஓட விடு என்று அங்கேயே மல்லாந்து படுத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தார். அந்தப் பாடம் ஒரு தடவைகூட என்னைக் கைவிட்டதில்லை. சொல்லிக் கொடுத்த மனுஷன் கைவிட்டதைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்தப் பத்தாண்டின் நடுவில் அஜ்மானில் கடலோரமாக ஒரு வில்லா. மெயின் கான்ட்ராக்டர் வேறு ஒரு கம்பெனி, தரைக்கடி இன்சுலேஷன் மட்டும் எங்கள் வேலை. வீட்டுக்காரர் உள்ளூர் அரபி. எல்லாரும் அவரை அர்பாப் என்போம், முதலாளி என்று அர்த்தம். நல்ல மனிதர், உருது சரளமாகப் பேசுவார். தரை முழுக்க தேக்குப் பலகை போட ஆசைப்பட்டார். கடலோரத்தில் மரத்தரை போடுகிறவரை நாம் தடுக்க முடியாது, அவர் வீடு, அவர் ஆசை. மண்ணின் மேல் ஷீட் விரிக்கிற வேலையை மெயின் கான்ட்ராக்டர் தானே செய்துகொள்வதாகச் சொல்லி எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. எடுத்துக்கொண்டு செய்யவே இல்லை. இது எனக்கு அப்போது தெரியாது. நாங்கள் தரையின் அடிப்பக்கம் கண்ணாடிக் கம்பளியை, அதாவது கிளாஸ் வூலை, பொருத்திவிட்டு வந்துவிட்டோம்.

அந்த வீட்டுக்கு மெயின் கான்ட்ராக்டர் போட்டிருந்த வாட்ச்மேன் செல்லையா. பரமக்குடிப் பக்கம். முப்பது வயதைத் தாண்டியவன், மெலிந்த ஆள், யார் என்ன சொன்னாலும் முதலில் ‘சரிண்ணே’ என்பான், பிறகுதான் என்ன சொன்னீர்கள் என்று கேட்பான். அவனுக்கு ஒரே கனவு டிரைவர் ஆவது. அங்கே லைசென்ஸ் டெஸ்ட் எப்படி என்று போனவர்களுக்குத் தெரியும். போலீஸ்காரர் பக்கத்தில் உட்கார்ந்தவுடன் இவனுக்குக் கால் நடுங்கும், பிரேக்குக்குப் பதில் கிளட்சை மிதிப்பான். திரும்பத் திரும்ப ஃபெயில். அவன் ஃபெயிலாகி வந்த நாளில் சைட்டே கேலி செய்யும், அவனும் சேர்ந்து சிரிப்பான். கடைசியில் ஒருநாள் பாஸ் பண்ணிவிட்டான். எங்கள் எல்லாருக்கும் பொட்டலம் பொட்டலமாக அல்வா கொண்டுவந்து கொடுத்தான்.

அர்பாப் அதைக் கேள்விப்பட்டு அவனைக் கூப்பிட்டு, நாங்கள் கோடைக்கு வெளிநாடு போய்விட்டுத் திரும்பியதும் உன்னை என் வீட்டு டிரைவராக என் விசாவில் எடுத்துக்கொள்கிறேன், அதுவரை வீட்டைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றார். தொழிலாளர் கேம்ப்பில் எட்டுப் பேர் படுக்கும் ரூமிலிருந்து தனி ரூமுக்கு வருவது, கேட்டுக்கு வெளியே நிற்பதை விட்டு ஸ்டீரிங் பிடிப்பது. ஒரு வாட்ச்மேனுக்கு இதைவிடப் பெரிய கதவு அந்த ஊரில் திறக்காது. செல்லையா அந்தக் கோடை முழுவதும் அந்த ஒரு வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

ஜூலையில் அர்பாப் குடும்பம் கிளம்பிப் போனது. அங்கே வசதியுள்ளவர்கள் கோடைக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும்போது ஏசியை நிறுத்த மாட்டார்கள். சோபாவும் திரைச்சீலையும் பூஞ்சை பிடிக்காமல் இருக்க முழுக் குளிரில் ஓட விட்டுவிட்டுப் போவார்கள். ஆளில்லாத வீடு இரவு பகலாகக் குளிர்ந்துகொண்டே இருக்கும். அடியில் தரை எப்படி இருக்கும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

ஆகஸ்ட் தொடக்கத்தில் செல்லையா எனக்குப் போன் செய்தான். ஹாலில் ஒரு மாதிரி ஊறல் நாற்றம் அடிக்கிறது, எங்கள் எஞ்சினியருக்கும் சொல்லிவிட்டேன், நீங்களும் ஒரு எட்டு வந்து பாருங்கண்ணே என்றான். நான் போய் அடியில் தவழ்ந்து பார்த்தேன். வெறும் மண், ஷீட் கிடையாது. வென்ட் எல்லாம் ஆவென்று திறந்து கிடந்தன. தரையின் அடிப்பக்கம் வியர்க்க ஆரம்பித்திருந்தது. மோசமில்லை, பிடித்துவிடலாம் என்கிற நிலைமை. வென்ட் ஒவ்வொன்றுக்கும் இழுத்து மூடும் தகரக் கதவு இருந்தது. அத்தனையையும் என் கையாலேயே மூடினேன். இனி திறக்காதே என்று செல்லையாவிடம் சொன்னேன். மேனேஜருக்குப் போன் போட்டு, ஷீட் விரிக்கவில்லை சார், உடனே விரிக்க வேண்டும் என்றேன். சரியாகச் செய்தாய், நான் அவர்களிடம் பேசுகிறேன் என்றார்.

மறுநாள் மெயின் கான்ட்ராக்டரின் எஞ்சினியர் வந்தார். அவர் அதற்கு முன்னால் அல் ஐனில் நிறைய வில்லா கட்டியவர். அல் ஐன் உள்நாட்டு ஊர், பாலைவனக் காற்று, உதடு வெடிக்கும் வறட்சி. அங்கே ஒரு வீட்டில் இதே நாற்றம் வந்தபோது வென்ட்டைத் திறந்துவிட்டு ஒரே வாரத்தில் காய வைத்திருக்கிறார். அது பொய்யில்லை, அந்த ஊரில் அதுதான் சரி. ஆனால் அல் ஐன் காற்றை அஜ்மானுக்கு மூட்டை கட்டிக்கொண்டு வர முடியாது. இதை அவரிடம் சொன்னேன். நான் எத்தனை வீடு கட்டியிருக்கிறேன் தெரியுமா, உனக்கு எத்தனை வருஷ சர்வீஸ் என்று திருப்பிக் கேட்டார். தொழில் பேச்சில் ஒருவன் சர்வீஸைக் கேட்க ஆரம்பித்தால் அவனிடம் பதில் தீர்ந்துவிட்டது என்று புரிந்துகொள்ளுங்கள்.

என் எதிரிலேயே எங்கள் மேனேஜரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார். வென்ட்டைத் திறந்து வைக்கச் சொல்கிறேன், உங்கள் ஆள் மறுக்கிறான் என்றார். மறுமுனையில் ஒரு செருமல். பிறகு மேனேஜர், சார் சொல்கிறபடி செய்யட்டும் என்றார். நான் வெளியே வந்து தனியாகக் கூப்பிட்டேன். நீங்கள்தானே சார் கேனைக் கையில் கொடுத்தீர்கள் என்றேன். அடுத்து வரப்போகும் வில்லாக்கள் எல்லாம் அந்த எஞ்சினியர் கையில் இருக்கிறது, கொஞ்சம் விட்டுப் பிடிப்போம், ஒரு வாரத்தில் அவரே தெரிந்துகொள்வார் என்றார். தரைப் பலகை ஒரு வாரம் பொறுக்குமா என்று கேட்டேன். லைன் கட்டாகிவிட்டது.

நடுவில் மாட்டியவன் செல்லையா. எஞ்சினியர் அவனுக்குச் சம்பளம் கொடுக்கும் கம்பெனி ஆள், திறந்து வை என்கிறார். நான் இன்சுலேஷன் தெரிந்தவன், மூடி வை என்கிறேன். வீடு கெட்டால் அவன் டிரைவர் வேலை போகும். எஞ்சினியரைப் பகைத்தால் அந்த வேலை வரை போகாமலே ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் அந்த ஊரில் பிழைத்த முறைப்படியே இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தான். எஞ்சினியர் காலையில் வருவார், அதனால் காலையில் திறந்து வைத்தான். நான் வேலை முடிந்து சாயங்காலம் அந்த வழியாகத்தான் ரூமுக்குப் போவேன், அதனால் மத்தியானத்துக்கு மேல் மூடி வைத்தான். இரண்டு பேருக்கும் சரிண்ணே, சரி சார். இரண்டு பேரும் அவரவர் சொல்தான் நடக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் நான் காலையிலேயே போய்விட்டேன். எல்லாம் திறந்து கிடந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. என்ன செல்லையா இது என்று கத்தினேன். அவன் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றான்.

“நான் என்னத்தண்ணே செய்ய. அவுக வந்தாக, தொறன்னு சொன்னாக. நீங்க வந்தீக, மூடுன்னு சொன்னீக. ரெண்டு பேரும் படிச்சவுக. ஆளுக்குப் பாதி நாளுன்னு பிரிச்சு வச்சுட்டேன்.”

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. காற்றுக்கு ஷிஃப்ட் போட்டு டியூட்டி பார்த்த ஒரே ஆள் அவன்தான். பாதி நாள் திறந்தாலே போதும், வரவேண்டிய தண்ணீர் வந்துவிடும் என்று அவனுக்குப் புரியும்படி சொன்னேன். இனி முழு நாளும் மூடி வை, எஞ்சினியர் கேட்டால் நான் சொன்னதாகச் சொல், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். வழக்கத்துக்கு மாறாக உடனே சரிண்ணே என்று சொல்லவில்லை. பிறகு ஒரு வென்ட்டிடம் குனிந்து தகரத்தை இழுத்து மூடினான்.

அதன் பிறகு மூன்று நாலு நாள் முழுதாக மூடியிருந்தது. அடியில் போய்ப் பார்த்தேன், வியர்வை குறைந்திருந்தது. அப்புறம் எஞ்சினியர் வந்து பார்த்திருக்கிறார். செல்லையாவை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, இனி மூடவே முடியாதபடி தகரக் கதவுகளை ஆள் வைத்துக் கழற்றித் தன் பிக்கப்பில் போட்டுக்கொண்டு போய்விட்டார். நான் மேனேஜரிடம் ஓடினேன். பார்க்கிறேன் கண்ணு என்றார். என்னை அடுத்த நாளே புஜைராவில் வேறு ஒரு வேலைக்கு அனுப்பினார். அவர் பார்க்கவில்லை என்பதை நான் திரும்பி வந்தபோது தெரிந்துகொண்டேன்.

அர்பாப் குடும்பம் பள்ளிக்கூடம் திறப்பதற்காக ஆகஸ்ட் கடைசியில் திரும்பியது. ஹாலில் தேக்குப் பலகைகள் ஓரம் தூக்கி, நடுவில் குழிந்து, சில இடத்தில் கூடாரம் மாதிரி எழும்பி நின்றன. அடியில் கண்ணாடிக் கம்பளி தண்ணீரைக் குடித்துக் கனம் தாங்காமல் கிழிந்து தொங்கியது. தரையிலிருந்து சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுந்துகொண்டிருந்தது. அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை. அர்பாப் எல்லாரையும் தன் வரவேற்பறைக்குக் கூப்பிட்டார்.

எஞ்சினியர், எங்கள் மேனேஜர், நான் மூவரும் சோபாவில். செல்லையா கதவோரம், செருப்பை வெளியே விட்டுவிட்டு நின்றான். அர்பாப் சத்தம் போடவில்லை. இது எப்படி ஆனது, யாரால் ஆனது, அது மட்டும் எனக்குத் தெரிய வேண்டும் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் மேனேஜர் ஆரம்பித்துவிட்டார். அழகான உருது. தரைக்கடி இடம் மூச்சு விட வேண்டும், அதற்குத்தான் வென்ட் வைக்கிறோம், எஞ்சினியர் முறையாகத் திறந்து வைக்கச் சொல்லியிருந்தார், யாரோ அதை மூடி வைத்ததால் உள்ளே ஈரம் அடைபட்டு இப்படி ஆகிவிட்டது என்றார்.

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. தான் கற்றுக்கொடுத்ததைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு, ஒரு சொல் தடுமாறாமல் பேசினார். தெரியாமல் உளறுகிறவனைத் திருத்தலாம். தெரிந்தே இப்படிப் பூசி மெழுகுகிற ஆளை என்ன செய்வது?

அர்பாப் செல்லையாவிடம் திரும்பி, நீ மூடினாயா என்று கேட்டார். அவன் பொய் சொல்லத் தெரியாதவன். மூடினேன் என்றான். யாரும் மூடச் சொல்லாமலா என்று அர்பாப் கேட்கவில்லை. நான் எழுந்து நின்று சொன்னேன்.

“நான்தான் மூடச் சொன்னேன். மூடியதால் கெடவில்லை, திறந்ததால்தான் கெட்டது. மூடியிருந்த நாலு நாளில் அடியில் காய ஆரம்பித்தது. அதற்குப் பிறகு கதவுகளையே கழற்றிக்கொண்டு போனது இவர்.”

எஞ்சினியர் அசரவில்லை. ஆமாம் கழற்றினேன், இந்த ஆள் திரும்பத் திரும்ப மூடியதால்தான் கழற்ற வேண்டி வந்தது என்றார். பாருங்கள், நான் கொண்டுபோன சாட்சியையே எடுத்து செல்லையாவின் கழுத்தில் மாட்டினார். அங்கே மேஜையில் விருந்தாளிகளுக்கு வைத்த குளிர்ந்த தண்ணீர் பாட்டில்கள் இருந்தன. நான் ஒன்றை எடுத்துக்கொண்டு போய், வெளிக்கதவைத் திறந்து வாசல் காற்றில் பிடித்தேன். நொடியில் வியர்த்தது. திரும்பி வந்து அர்பாப் முன்னால் மேஜையில் வைத்தேன். பாட்டிலிலிருந்து வழிந்த தண்ணீர் கண்ணாடி மேல் வட்டமாகத் தேங்கியது. உங்கள் தரைக்கு அடியில் நடந்தது இதுதான் என்றேன்.

அர்பாப் குனிந்து அந்தத் தண்ணீரைப் பார்த்தார். நிஜமாகவே யோசித்தார். இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்திருந்தால் பிடித்திருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அதற்குள் மேனேஜர் டப்பாவிலிருந்து ஒரு டிஷ்யூவை உருவி அந்த வட்டத்தைப் பதமாகத் துடைத்தார். மேஜை சுத்தமாகிவிட்டது. பிறகு என் தோளில் கை வைத்து, இவன் நல்ல வேலைக்காரன், ஆனால் மனசு இளகியவன், இருவரும் ஒரே ஊர்க்காரர்கள், விட்டுக்கொடுக்க மாட்டான் என்று அர்பாபிடம் சொன்னார். தூத்துக்குடியும் பரமக்குடியும் ஒரே ஊராம். அவருக்கு அந்த அளவுக்கா பூகோளம் தெரியாது?

அதோடு முடிந்தது. எதிரே இரண்டு கம்பெனி, மூன்று படித்தவர்கள், அதில் இருவர் ஒரே பேச்சு. நான் சொன்னது ஊர்ப்பாசமாகிவிட்டது. பழுது முழுவதையும் இரண்டு கம்பெனியும் சரிசெய்து தரும் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்தார். அர்பாப் செல்லையாவைப் பார்த்தார். அவர் முகத்தில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் இருந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேனே என்று மட்டும் கேட்டார். பிறகு கலாஸ், முடிந்தது என்று சொல்லி எழுந்துவிட்டார். அந்த ஒரு சொல்லில் டிரைவர் வேலை போயிற்று. மெயின் கான்ட்ராக்டர் தன் கையைச் சுத்தமாகக் காட்டிக்கொள்ள அந்த வாரமே அவன் விசாவை கேன்சல் செய்தது. நான் அவர்கள் ஆபீஸ் வரை போய்ப் பேசப் பார்த்தேன். வாசலில் உட்கார வைத்தே அனுப்பினார்கள்.

தம்பிகளே, இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சரியான முடிவு எடுப்பது நம் தொழிலில் பாதிதான். அந்த முடிவை யார் தலையில் வைத்துவிட்டு வருகிறீர்கள் என்பது மீதிப் பாதி. மூடச் சொன்ன நான் சோபாவில் உட்கார்ந்திருந்தேன், திறக்கச் சொன்னவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார், கையால் இழுத்து மூடியவன் கதவோரம் நின்றான். பழி வந்தால் எங்கே போய் உட்காரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தாங்க முடியாதவன் கையில் உத்தரவைக் கொடுக்காதீர்கள். கொடுத்துத்தான் ஆகவேண்டும் என்றால் அவனுக்கு மேலே இருக்கிறவனிடமும், வீட்டுக்காரனிடமும், அத்தனை பேர் காதிலும் விழும்படி முதல் நாளே கத்திச் சொல்லிவிடுங்கள். வேலை போனால் போகட்டும். எனக்கு எப்படியும் பின்னால் போகத்தான் செய்தது, நானே விட்டுவிட்டு தோஹாவுக்குப் போனேன்.

இன்னும் முடியவில்லை. கசப்பின் அடிமண்டி இனிமேல்தான். செப்டம்பரில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அஜ்மான் வீட்டுக்கு ஆட்களைக் கூட்டிப்போய் மண்ணுக்கு ஷீட் விரித்து, வென்ட் எல்லாவற்றையும் பிளாக் வைத்து சிமெண்ட் பூசி நிரந்தரமாக அடைத்துவிட்டு வா என்றார்.

“மூடினதுதான் தப்புன்னு சொன்னீங்களே சார்.”

அவர் கோப்பையில் இருந்த பாலில்லாத சுலைமானி டீயை நிதானமாகக் குடித்து முடித்தார். பிறகு, வேறு எதைக் கற்றுக்கொடுத்தாலும் எப்படிச் சொல்வாரோ அதே அன்பான குரலில் சொன்னார்.

“தொழில் வேற கண்ணு, மீட்டிங் வேற.”

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த கடைசிப் பாடம் அது. இந்தத் தொழிலில் உயர்ந்த இடத்துக்குப் போன பலருக்கு அந்தப் பாடம் நன்றாகத் தெரியும் என்று பிறகு கண்டுகொண்டேன். நான் அதில் ஃபெயில். அதில் ஃபெயிலானதற்கு இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

ஷீட்டை விரித்து முடித்து, நாங்கள் வென்ட்டுகளை அடைத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் மெயின் கான்ட்ராக்டரின் வேன் வந்து நின்றது. செல்லையா இறங்கினான். வாட்ச்மேன் ரூமில் விட்டுப்போன தன் பெட்டியை எடுத்துக்கொள்ள வந்திருந்தான். அங்கிருந்து நேரே ஏர்போர்ட். இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் பேனா. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போகிறவன், சிமெண்ட் கரண்டியோடு நாங்கள் குந்தியிருந்த இடத்தில் நின்றுவிட்டான். பாதி அடைத்த வென்ட்டையே பார்த்தான். இந்தப் பக்கம் முழுதாக அடைத்துப் பூசியிருந்தவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“மூடுறீகளாண்ணே?”

ஆமாம் என்றேன்.

“இனிமே எப்பவுமா?”

“எப்பவுமேதான்.”

அவன் பெட்டியைக் கீழே வைத்தான். அன்று வரவேற்பறையில் நாங்கள் உருதுவில் வாதாடியது அவனுக்குப் பாதிகூடப் புரியவில்லை, பிறகு யாரும் அவனுக்கு விளக்கிச் சொல்லவும் இல்லை. வீட்டைக் கெடுத்துவிட்டாய் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் நான் மூடியது சரியா தப்பா என்று கேட்டான். மென்று விழுங்க எனக்கு மனம் வரவில்லை. நீ மூடியதுதான் சரி செல்லையா, இந்த வீட்டில் சரியான வேலை செய்தது நீ மட்டும்தான் என்றேன். அவனுக்கு அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவன் முகம் மாறியது. நான் அவனை டெஸ்ட்டில் தோற்று வந்த நாளெல்லாம் பார்த்திருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை.

“எங்கிட்டத் தப்பு இருக்கு, அதான் அனுப்புறாகன்னு நெனச்சு மனசத் தேத்தி வச்சிருந்தேன்ணே. ஊர்ல கேட்டா அதத்தான் சொல்லணும்னு இருந்தேன். இப்ப என்னத்தச் சொல்ல?”

டிரைவர் ஹாரன் அடித்து, யல்லா யல்லா என்று கூப்பிட்டார். செல்லையா பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வேனில் பின்சீட்டில் உட்கார்ந்தான். நான் குந்தி உட்கார்ந்து மீதி வென்ட்டுகளையும் அடைத்தேன். அந்த வீட்டுத் தரையில் அதற்குப் பிறகு ஒரு பலகைகூட எழும்பவில்லை என்று சொன்னார்கள்.